பக்கத்து சீட்டின் விலை

ஒரு சின்னக் கேள்வி. ராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு பஸ் ஏறுகிறீர்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் டிக்கெட்டுக்கு எவ்வளவு கொடுத்திருப்பார்?

'இதென்ன கேள்வி, நான் கொடுத்ததைத்தான் அவரும் கொடுத்திருப்பார்' என்பீர்கள். சரி. இப்போது திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறீர்கள். அதே கேள்வி. இந்தத் தடவை உங்களால் பதில் சொல்ல முடியாது. அவர் உங்களைப்போல மூன்று மடங்கு கொடுத்திருக்கலாம். மூன்றில் ஒரு பங்கும் கொடுத்திருக்கலாம். அதே நாற்காலி, அதே முழங்கால் இடிக்கிற இடைவெளி, அதே பெல்ட். விலை மட்டும் ஆளுக்கொன்று.

நாம் கேட்பதில்லை. கேட்டால் ஒருவருக்கு வயிறு எரியும், இன்னொருவருக்குக் குளிரும். அதனால் ஜன்னல் பக்கம் திரும்பி மேகம் பார்க்கிறோம். இந்த வாரம் மேகத்தை விட்டுவிட்டுப் பக்கத்து சீட்டைப் பார்க்கலாம்.

மலிவாக டிக்கெட் பிடிப்பது இன்றைக்கு ஒரு கலை. ஒரு பெருமையும்கூட. கல்யாணப் பட்டு எவ்வளவு என்று கேட்டால் கூட்டிச் சொல்கிற அதே ஆள், பாங்காக் டிக்கெட் எவ்வளவு என்று கேட்டால் குறைத்துச் சொல்கிறார். 2023 கடைசியில் தாய்லாந்தும் மலேசியாவும் அடுத்தடுத்து இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்தபிறகு இந்தக் கலைஞர்கள் பெருகிவிட்டார்கள். சூத்திரங்களும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே வாங்கு. டிசம்பர் லீவும் மே லீவும் வேண்டாம். சனி, ஞாயிறு பறக்காதே, புதன்கிழமை பற. மதுரையில் விலை அதிகமா, திருச்சியைப் பார், திருவனந்தபுரத்தைப் பார். நேரடி விமானம் வேண்டாம், கொழும்பில் நாலு மணி நேரம் தேவுடு காத்தால் பரவாயில்லையா என்று பார். ஏழு கிலோ பையோடு கிளம்பு, பெட்டிக்குத் தனியாகக் காசு. செவ்வாய்க்கிழமை நடுராத்திரி வாங்கினால் மலிவு என்பது மட்டும் பெரும்பாலும் ஐதீகம். வாங்குகிற கிழமையைவிடப் பறக்கிற கிழமைதான் முக்கியம்.

இந்தச் சூத்திரங்களை ஒன்றாக வைத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு தகுதிதான் இருக்கிறது. உங்களுக்கு நேரம் இருக்க வேண்டும். என்றைக்குப் போகிறோம் என்பது உங்கள் கையில் இருக்க வேண்டும். அது இருந்தால் மலிவு. இல்லாவிட்டால் இல்லை.

பணம் இருக்கிறவன் அதிகம் கொடுக்கிறான், இல்லாதவன் குறைவாகக் கொடுக்கிறான் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. விமானத்தில் நடப்பது அதுவல்ல. காத்திருக்க முடிந்தவன் குறைவாகக் கொடுக்கிறான். முடியாதவன் அதிகம் கொடுக்கிறான். காத்திருக்க முடியாதவர்கள் யார்?

சேத்தூருக்குப் போவோம். ராஜபாளையம் தாண்டி தென்காசி போகிற ரோட்டில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற பேரூர். கண்மாய், நெல், தென்னை, மாந்தோப்பு. ஒரு காலத்தில் ஜமீன். இப்போது மில் வேலைக்கும் வெளியூருக்கும் போகிற பிள்ளைகள். சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று ஒரு பையனாவது போயிராத தெருவைத் தேடத்தான் வேண்டும்.

அங்கே ஒரு கேதத்துக்குப் போயிருந்தேன். பந்தல் போட்டு, பெஞ்சு போட்டு, கொட்டுக்காரர்கள் ஓய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் மகன் வந்தால்தான் எடுக்க முடியும். ராத்திரி தகவல் போய், கிடைத்த முதல் விமானத்தில் திருச்சி வந்து, அங்கிருந்து கார் பிடித்து மதுரை, திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று மதியம் வந்து சேர்ந்தான். நீர்மாலை எடுத்து, எல்லாம் முடிந்து, சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது தாய்மாமன் மெதுவாகக் கேட்டார்.

"டிக்கெட்டுக்கு எவ்வளவு மாப்ள ஆச்சு?"

"அத விடுங்க மாமா."

"சும்மா சொல்லு. கையில இருந்துச்சா, கடனா?"

"ரூம்ல பசங்க போட்டுக் குடுத்தாங்க மாமா. முப்பதாயிரத்துக்கு மேல வந்துருச்சு. போன பொங்கலுக்கு இதே பிளேன்ல எட்டாயிரத்துக்கு வந்தேன்." கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். "பக்கத்துல ஒரு புருசன் பொண்டாட்டி மாமா. டூர் போயிட்டு வாராங்க. சீப்பா கெடச்சுதுன்னு சந்தோசமாப் பேசிக்கிட்டே வந்தாங்க. நல்ல மனுசங்க. நான் அழுததப் பாத்துட்டு தண்ணி வாங்கிக் குடுத்தாங்க."

அந்தத் தம்பதி எந்தத் தப்பும் செய்யவில்லை. மூன்று மாதம் முன்னால் உட்கார்ந்து தேடி நல்ல விலைக்கு வாங்கினார்கள். நீங்களும் நானும் செய்கிறதுதான். ஆனாலும் அந்த மூன்று சீட் வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சீட்டில் மலிவு, ஒரு சீட்டில் துக்கம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. சம்பந்தம் ஒரு கணக்கில் இருக்கிறது.

சேத்தூர் மாந்தோப்பில் சப்பட்டை மாம்பழத்துக்கு காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. பழம் கனியக் கனிய வியாபாரி இறங்கி வருவார். நாளைக்கு அழுகிவிடும். விமான சீட்டும் அழுகுகிற சரக்குதான். கதவை மூடிவிட்டால் காலி சீட்டுக்குக் காலணா தேறாது. அப்படியென்றால் கடைசி நேரத்தில் அதுவும் மலிவாக வேண்டாமா? நேர்மாறாக ஏறுகிறதே, ஏன்?

மாம்பழத்தைக் கடைசி நேரத்தில் வாங்க வருகிறவன், இல்லாவிட்டால் போகட்டும் என்று நடந்துவிடுவான். விமான டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் வாங்க வருகிறவன் நடந்துபோக மாட்டான். அவனால் முடியாது. இதை வியாபாரிகள் எப்போதோ உணர்ந்திருந்தார்கள். 1972-இல் பிரிட்டிஷ் ஓவர்சீஸ் ஏர்வேஸில் கென் லிட்டில்வுட் என்பவர் அதைக் கணக்காக எழுதிக் காட்டினார். ரொம்ப எளிமையான கணக்கு. மலிவு விலை 6,000 ரூபாய், முழு விலை 24,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சீட் பாக்கி இருக்கிறது. இப்போதே ஆறாயிரத்துக்கு விற்கலாமா, கடைசி நேர ஆளுக்காக வைத்திருக்கலாமா? ஆறாயிரம் என்பது இருபத்து நாலாயிரத்தில் கால் பங்கு. கடைசி நேரத்தில் ஒருவர் ஓடிவர நாலில் ஒரு வாய்ப்புக்கு மேல் இருந்தால், வைத்திரு. குறைவாக இருந்தால், விற்றுவிடு. இன்றைக்கு உலகத்தில் ஓடுகிற அத்தனை விமான விலைக் கம்ப்யூட்டர்களும் இந்தக் கணக்கின் பேரன் பேத்திகள்தான்.

அந்த 'வாய்ப்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். அதற்குள் யார் யார் இருக்கிறார்கள்? நாளைக்கு மீட்டிங் என்று கம்பெனிக் காசில் ஓடுகிற மேனேஜர் இருக்கிறார். அவரைப் பற்றி நமக்குக் கவலையில்லை. அதற்குள்ளேயே, எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒரு அப்பா இன்று ராத்திரி இறந்துபோகலாம் என்பதும் இருக்கிறது. சேத்தூர்ப் பெரியவரின் சாவு, அவர் சாவதற்கு முன்பே, பேரில்லாத ஒரு சதவீதமாக அந்த விலைக்குள் உட்கார்ந்திருந்தது.

இந்தக் கணக்கின் சக்தியை அமெரிக்காவில் ஒரு கம்பெனி செத்துக் காட்டி நிரூபித்தது. 1981-இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்று ஒரு விமானக் கம்பெனி பறக்க ஆரம்பித்தது. பேருக்கேற்ற மாதிரி ஜனங்களுக்கான விமானம். எளிமையான, மலிவான விலை. கூட்டம் அள்ளியது. 1985-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ராபர்ட் கிராண்டல் ஒரு வேலை செய்தார். முன்கூட்டியே வாங்குகிறவர்களுக்கு மட்டும் பீப்பிள் எக்ஸ்பிரஸுக்கு இணையான மலிவு விலை. கடைசியில் வருகிறவர்களுக்குப் பழைய முழு விலை. எத்தனை சீட்டை மலிவுக்கு விடலாம் என்று கம்ப்யூட்டர் சொன்னது. 1987-இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் வேறொரு கம்பெனியோடு இணைந்து காணாமல் போனது. எளிய விலை தோற்றது. 'ஆளுக்கொரு விலை' ஜெயித்தது.

நம் பக்கத்துக் கதையும் இதையொட்டித்தான் வருகிறது. 2001-இல் கடனில் முங்கிக் கிடந்த ஏர் ஏசியாவை ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார் டோனி பெர்னாண்டஸ். 2008 டிசம்பரில் அந்தக் கம்பெனி இந்தியாவில் முதன்முதலாக வந்திறங்கிய ஊர் டெல்லியோ மும்பையோ அல்ல, திருச்சி. இங்கே 2003-இல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கினார். ஒரு ரூபாய்க்கு டிக்கெட் விற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவி 2020-இல் வந்த 'சூரரைப் போற்று' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாகக் கிடக்கிற அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போகவேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் போதவில்லை. விமான நிலையத்தில் ஒவ்வொருவரிடமும் கையேந்துவார் சூர்யா. பார்த்தவர்கள் யாரும் மறக்க முடியாத காட்சி. அந்த அவமானத்திலிருந்துதான் ஏழையும் பறக்க வேண்டும் என்ற கனவு படத்தில் பிறக்கிறது.

கனவு பலித்தது. ஏழையும் பறக்கிறான். பொங்கலுக்குப் பறக்கிறான், தங்கச்சி கல்யாணத்துக்குப் பறக்கிறான். தேதி முன்கூட்டியே தெரிந்த எல்லாவற்றுக்கும் பறக்கிறான். படத்தில் அவன் கையேந்தி நின்ற அந்த ஒரு காரியத்துக்கு மட்டும், இன்றைக்கும் அவன் கையேந்தத்தான் வேண்டியிருக்கிறது. ரூமில் இருக்கும் பையன்களிடம். மரணத்தை யாரும் மூன்று மாதம் முன்னால் புக் செய்வதில்லை.

'அந்தக் காலத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? மலேயா போனவன் சாவுக்கு வந்தானா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வரவில்லை. 'ரஜூலா' என்றொரு கப்பல் 1926 முதல் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஓடியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர். கடலில் ஏறக்குறைய ஒரு வாரம். பின்னால் 'எம்.வி. சிதம்பரம்' வந்தது, 1985-இல் தீ விபத்தோடு அதுவும் நின்றது. தந்தி கிடைக்கும்போதே அப்பா எரிந்து சாம்பலாகியிருப்பார். மகன் அங்கேயே தலை முழுகி, அங்கேயே அழுது முடிப்பான். ஊரும் அவனைக் குறை சொல்லாது. பங்காளி மகன் கொள்ளி வைப்பான்.

இப்போது நாலு மணி நேரத்தில் வந்துவிடலாம். வந்துவிடலாம் என்பதால் வந்தே ஆகவேண்டும். ஊரில் ஐஸ் பெட்டி வந்துவிட்டது. பிணம் காத்திருக்கும். 'வெளிநாட்டுல இருக்கான், நாளைக்குக் காலையில வந்துருவான்' என்று சொந்தக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். விமானம் நமக்கு வசதியைக் கொடுத்தது, கூடவே ஒரு கடமையையும் கொடுத்தது. வர முடியவில்லை என்பது அன்றைக்கு விதி. இன்றைக்கு அது விலை. விதியோடு மனிதன் சமாதானமாகிவிடுவான். முப்பதாயிரம் இல்லாததால் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை என்பதோடு ஆயுசு முழுக்க சமாதானமாக முடியாது.

சரி, விமானக் கம்பெனிக்காரன் பாவி என்று முடித்துவிடலாமா? முடிக்கலாம், சுலபமாக இருக்கும். ஆனால் அவன் தரப்பையும் கேட்பதுதான் நியாயம்.

அவன் சொல்வான்: "நான் அந்த ஒரு சீட்டைக் கடைசிவரை விற்காமல் வைத்திருந்தேன். அதனால்தான் உங்கள் சேத்தூர்ப் பையனுக்கு ராத்திரியோடு ராத்திரியாக இடம் கிடைத்தது. எல்லாவற்றையும் எட்டாயிரத்துக்கே விற்றிருந்தால் ஒரு வாரம் முன்னாலேயே விமானம் நிறைந்திருக்கும். அப்போது எத்தனை லட்சம் கொடுத்தாலும் வந்திருக்க முடியாது." உண்மைதானே? அவன் இன்னொன்றும் சொல்வான்: "எல்லோருக்கும் நடுத்தரமாக ஒரே விலை வைத்தால் டூர் போகிறவர்கள் பாதிப்பேர் வர மாட்டார்கள். விமானம் நிறையாது. தினசரி பறக்கிறது வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஆகும். அப்பா செவ்வாய்க்கிழமை இறந்தால் வெள்ளிக்கிழமைதான் விமானம். பரவாயில்லையா?"

இதற்கு மேல் அவன் லாபக் கணக்கையும் காட்டுவான். உலக விமானக் கம்பெனிகளின் சங்கமான ஐயாட்டா 2025-க்குச் சொன்ன கணக்கில், ஒரு பயணியிடமிருந்து கம்பெனிகளுக்கு நிகரமாக நிற்பது சராசரியாக ஏழெட்டு டாலர். எழுநூறு ரூபாய்ச் சொச்சம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பையன் கூடுதலாகக் கொடுத்தது இருபத்து இரண்டாயிரம். கம்பெனிக்கு ஆளுக்குச் சராசரி லாபம் எழுநூறு ரூபாய்தான் என்றால், மிச்சம் எங்கே போனது? பெட்ரோலுக்குப் போனது, பைலட் சம்பளத்துக்குப் போனது என்பீர்கள். சரிதான். ஆனால் அந்தப் பெட்ரோலிலும் சம்பளத்திலும் நம் பங்கு என்று ஒன்று இருந்ததே? மலிவு டிக்கெட் வாங்கிய நாம் அதை முழுசாகக் கொடுத்தோமா? இல்லை. நாம் குறைத்துக் கொடுத்ததைத்தான் மேனேஜரும் அந்தப் பையனும் கூட்டிக் கொடுத்தார்கள்.

எட்டாயிரத்துக்கு சிங்கப்பூர் என்பது விமானக் கம்பெனி நமக்குப் போட்ட பிச்சையும் இல்லை, நம் சாமர்த்தியத்துக்குக் கிடைத்த பரிசும் இல்லை. ஒரு கூட்டுச் செலவு. அதில் அவசரக்காரன் அதிகம் போட்டிருக்கிறான், சாவகாசக்காரன் குறைவாகப் போட்டிருக்கிறான். நல்ல நாளில் நாம் சாவகாசக்காரர்கள். அதே விமானத்தில் நாம் அவசரக்காரர்களாக ஏறுகிற நாளும் வரும். அது எந்த நாள் என்று நம் எல்லோருக்கும் உள்ளுக்குள் தெரியும்.

அவசரத்துக்கு விலை வைப்பதே பாவமா? இல்லை. தபாலில் சாதாரணத்துக்கு ஒரு கட்டணம், விரைவுக்கு ஒரு கட்டணம். ரயிலில் தத்கால். கோயிலில்கூட சிறப்பு தரிசனம். பிரச்னை விலையில் இல்லை, கண்ணில் இருக்கிறது. மெஷினுக்கு அவசரம் தெரிகிறது, அவசரத்தின் முகம் தெரியவில்லை. காண்ட்ராக்டில் கையெழுத்துப் போட ஓடுகிறவனும், அப்பா காலைத் தொட்டுக் கும்பிட ஓடுகிறவனும் அதற்கு ஒன்று. நம் ஊர்ப் பெட்டிக்கடைக்காரருக்குத் தெரியும். கேத வீட்டுக்குச் சாமான் என்று சொன்னால் பழைய பாக்கியைப் பற்றிப் பேச மாட்டார். எடுத்துக் கட்டுவார், கணக்கை அப்புறம் பார்ப்போம் என்பார். அவர் பெரிய தர்மவான் என்பதால் அல்ல. எதிரே நிற்கிறவனின் முகம் அவருக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஊருக்கே துன்பம் வந்தால் நாம் இதை ஒப்புக்கொள்கிறோம். 2004 ஆகஸ்ட்டில் புளோரிடாவை சார்லி புயல் தாக்கியபோது இரண்டு டாலர் ஐஸ் மூட்டையைப் பத்து டாலருக்கு விற்றார்கள். பெரிய விவாதமே நடந்தது. அப்படி விற்பதற்கு எதிராக அங்கே சட்டமும் இருந்தது. இங்கே கொரோனா காலத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை, உள்நாட்டு விமானக் கட்டணத்துக்கு அரசு வரம்பு வைத்தது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தாகி, மற்ற விமானங்களின் விலை வானத்துக்கு ஏறியபோது, தூரத்தைப் பொறுத்து 7,500 முதல் 18,000 ரூபாய் வரை உச்ச வரம்பு போட்டார்கள். அடுத்தவன் தவிக்கும்போது விலையை ஏற்றாதே என்று அப்போது எல்லோரும் பேசினோம்.

ஊருக்கே வந்தால் அது பேரிடர். ஒருத்தன் வீட்டுக்கு மட்டும் வந்தால் அது 'டிமாண்ட்'. தவிப்பு இரண்டும் ஒன்றுதான். கூட்டம் இருந்தால்தான் நியாயம் கேட்போம் என்றால், அது நியாயமா, கூட்டமா?

இதற்கு ஒரு வழியும் இருந்தது. அமெரிக்க, கனடா விமானக் கம்பெனிகளில் துக்கக் கட்டணம் என்றே ஒன்று வைத்திருந்தார்கள். இறந்தவர் பெயர், என்ன உறவு, எங்கே அடக்கம் என்று சொன்னால் கடைசி நேர விலையில் சலுகை. 2014-இல் அமெரிக்கன், யுனைடெட் இரண்டும் அதை நிறுத்திவிட்டன. இன்னும் சில கம்பெனிகள் வைத்திருக்கின்றன. அதில் ஒன்று ஏர் கனடா. 2022 நவம்பரில் பாட்டி இறந்து வான்கூவரிலிருந்து டொரன்டோ போகவேண்டிய ஒருவர் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் உதவியாளரிடம், அதாவது சாட்பாட்டிடம், விசாரித்தார். முதலில் முழு விலைக்கு டிக்கெட் வாங்கிவிட்டு 90 நாளுக்குள் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது அது. அவர் அப்படியே செய்தார். பயணம் முடிந்தபின் அப்படி விதியே இல்லை என்றது கம்பெனி. வழக்கு வந்தது. சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்ற ரீதியில் வாதாடினார்கள். 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து சுமார் 812 கனடா டாலரைக் கொடு என்றது.

தொகை சின்னது. அந்தப் பேரன் பணத்துக்காக மட்டும் போராடியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. துக்கத்தோடு வந்தவனிடம் ஒரு மெஷினை விட்டுப் பேசச் சொல்லிவிட்டு, அப்புறம் அந்த மெஷினை எனக்குத் தெரியாது என்று சொல்வதை யாரால் பொறுக்க முடியும்?

துக்கக் கட்டணம் வைத்தால் பொய் சொல்வார்களே? சொல்வார்கள். ஆபீஸ் லீவுக்காகச் செத்துப்போன பாட்டிகளின் எண்ணிக்கை நமக்குத் தெரியாதா? ஒரே பாட்டி மூன்று தடவை செத்த கதைகள் உண்டு. அதற்காக எந்த ஆபீசாவது உண்மையான சாவுக்கு லீவு தராமல் இருக்கிறதா? சான்றிதழ் கேட்கட்டும். பின்னால் சரிபார்த்துப் பணத்தைத் திருப்பித் தரட்டும். ஒரு விமானத்தில் இரண்டு சீட் அப்படிப் போனால், மீதிப்பேரின் டிக்கெட்டில் ஆளுக்கு முந்நூறு ரூபாய் ஏற்றினால் சரியாகப் போகும். நமக்குச் சம்மதமா? கம்பெனிக்காரனிடம் கேட்கும் முன் நம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

கம்பெனிகள் செய்யும் வரைக்கும்? சிங்கப்பூர் ரூமில் இருந்த அந்தப் பையன்கள் ஏற்கெனவே வழி காட்டிவிட்டார்கள். எவன் வீட்டில் கேதம் விழுந்தாலும் மற்றவர்கள் போட்டு அனுப்புவது. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. மூன்று சீட் வரிசையில் விமானக் கம்பெனி ரகசியமாகச் செய்கிற அதே காரியத்தை இவர்கள் வெளிப்படையாக, திசையை மட்டும் திருப்பிச் செய்கிறார்கள். அங்கே துக்கப்படுகிறவன் மற்றவர்களுக்காகக் கொடுக்கிறான். இங்கே மற்றவர்கள் துக்கப்படுகிறவனுக்காகக் கொடுக்கிறார்கள். மொய் எழுதிப் பழகிய ஜனங்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அதனால் மலிவு டிக்கெட் தேடுவதை நிறுத்துங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நானும் நிறுத்தப் போவதில்லை. புதன்கிழமை பறப்பேன், ஏழு கிலோ பையோடு போவேன். குற்ற உணர்ச்சியோடு சுற்றுலா போவதில் யாருக்கும் லாபமில்லை. இரண்டு காரியம் செய்யலாம்.

ஒன்று, 'எப்படிப் பிடித்தேன் பார்த்தாயா' என்ற பெருமையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நமக்கு நேரம் இருந்தது, நம் வீட்டில் எல்லோரும் நன்றாக இருந்தார்கள், அதனால் கிடைத்தது. அது திறமைக் கணக்கில் வராது, கொடுப்பினைக் கணக்கில் வரும்.

இரண்டு, அடுத்த தடவை பாங்காக்குக்கோ பாலிக்கோ ஆறாயிரம் மிச்சம் பிடித்தால், அதில் ஒரு ஐந்நூறைத் தனியாக எடுத்து வையுங்கள். ஆபீசில் நாலு பேர், தெருவில் நாலு பேர், சொந்தத்தில் நாலு பேர் சேர்ந்தால் சில வருஷங்களில் ஒரு டிக்கெட் தேறும். அதற்குப் பெரிய பெயரெல்லாம் வேண்டாம். 'கேதப் பணம்' என்றே எழுதி வையுங்கள். யாருக்கு வேண்டியிருக்கிறதோ அவர்கள் எடுத்துக்கொண்டு பறக்கட்டும். திருப்பித் தர முடிந்தால் தரட்டும், முடியாவிட்டால் கேட்காதீர்கள்.

அடுத்த முறை விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் எதுவும் சாப்பிடாமல், படம் பார்க்காமல், போனில் பழைய போட்டோ ஒன்றையே பார்த்துக்கொண்டு வந்தால், டிக்கெட் என்ன விலை என்று மட்டும் பேச்செடுக்காதீர்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள். இறங்கும்போது அவரை முதலில் போக விடுங்கள். அவருக்குத்தான் அவசரம்.